ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வைத்தும் லேப்டாப் இரவில் ஏன் தூங்குகிறது?

கேள்வி இது: கோட்டையூர் வீட்டில் ஐயா காலத்து ரங்கூன் கடைப் பேரேடுகளை ஸ்கேன் செய்து, இரவு முழுக்க கிளவுடுக்கு ஏறட்டும் என்று விட்டுவிட்டுப் படுக்கிறார்கள். காலையில் பார்த்தால் லேப்டாப் தூங்கிக் கிடக்கிறது, பாதிகூட ஏறவில்லை. விண்டோஸ் 11. செட்டிங்ஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று மாற்றியாயிற்று. வளவில் எல்லோரும் படுப்பதால் வெளிச்சம் அடிக்காமல் மூடியை மூடி வைக்கிறார்கள். மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் ஜிக்லர் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகுமா?

ஜிக்லர் வாங்க வேண்டாம். ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. ஆள் இல்லை என்று தூங்குவது பல காரணங்களில் ஒன்றுதான். மூடியை மூடினாலும் தூங்கும், பேட்டரி தீர்ந்தாலும் படுத்துவிடும். அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆகியும் நிற்கும். இவை எதையும் ஜிக்லர் தடுக்காது. நெவர் வைத்த பிறகும் தூங்குகிறது என்பதால், உங்கள் வீட்டில் மூடி, கரண்ட் போவது போன்ற வேறு காரணம்தான் இருக்கும்.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன், இயந்திரத்தைத் தூங்க வைத்தது யார் என்று பாருங்கள். விண்டோஸ் அதை நிமிடக் கணக்காக எழுதி வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ‘ஈவென்ட் வியூவர்’ திறங்கள். இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘சிஸ்டம்’. வலப்பக்கம் ‘ஃபில்டர் கரண்ட் லாக்’ என்பதை அழுத்தி, ஈவென்ட் எண் கேட்கும் கட்டத்தில் 42, 105, 506, 1074, 41, 6008 என்று கமா போட்டு எழுதி ஓகே கொடுங்கள். நேற்று இரவின் கதை முழுக்க வரிசையாக வந்து நிற்கும்.

42 என்றால் இயந்திரம் தூங்கப் போகிறது. வரியைத் திறந்தால் காரணமும் இருக்கும். ‘சிஸ்டம் ஐடில்’ என்றால் சும்மா இருந்ததால். ‘பட்டன் ஆர் லிட்’ என்றால் பவர் பட்டன் அல்லது மூடி. ‘அப்ளிகேஷன் ஏபிஐ’ என்றால் ஏதோ ஒரு புரோகிராம் தூங்கச் சொல்லியிருக்கிறது. கடந்த சில வருடங்களில் வந்த லேப்டாப் பலவற்றில் 42-க்குப் பதில் 506 இருக்கும். அது ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற புதுவகைத் தூக்கம். அதிலும் காரணம் எழுதியிருக்கும். 1074 என்றால் யாரோ முறைப்படி ரீஸ்டார்ட் கொடுத்தது, பெரும்பாலும் அப்டேட். 41, 6008 இரண்டும் வந்தால் தூங்கவில்லை, மூச்சே நின்றிருக்கிறது: பவர் அறுந்தது, சூடேறி அணைந்தது, அல்லது ஹேங் ஆகி யாரோ பட்டனை அழுத்திப் பிடித்தது.

எல்லாவற்றையும்விட நம் பக்கத்துக்கு முக்கியமானது 105. பவர் மாறியதைச் சொல்லும் வரி அது. ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஏசி ஆன்லைன்’ என்பதற்கு எதிரே ‘ஃபால்ஸ்’ என்றிருந்தால் கரண்ட் போன நேரம், ‘ட்ரூ’ என்றிருந்தால் வந்த நேரம். இரவு 1.12-க்கு ஒரு 105, 1.22-க்கு ஒரு 506, 1.40-க்கு இன்னொரு 105 என்று வரிசை இருந்தால் விஷயம் முடிந்தது. பத்து நிமிடம் பேட்டரியில் ஓடியது, பேட்டரிக்கான டைமர் வந்து தூங்க வைத்தது, கரண்ட் திரும்பி வந்தும் எழுந்திருக்கவில்லை.

இதுதான் பலர் தவறவிடும் இடம். விண்டோஸில் ஸ்லீப் நேரம் ஒன்றல்ல, இரண்டு: சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஒன்று. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘பவர் அண்ட் பேட்டரி’, அதற்குள் ஸ்கிரீன், ஸ்லீப் என்று தொடங்கும் பகுதியை விரித்தால் இரண்டும் தெரியும். ‘பிளக்டு இன்’ வரியை மட்டும் நெவர் ஆக்கிவிட்டு, ‘ஆன் பேட்டரி’ வரி 10 நிமிடத்திலோ 15 நிமிடத்திலோ இருப்பதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். இரண்டையும் நெவர் ஆக்குங்கள். பயம் வேண்டாம்: பேட்டரி தீரும் தறுவாயில், வழக்கமாக 5 சதவீதத்தில், விண்டோஸ் தானாக ஹைபர்னேட் ஆகித் திறந்திருந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும். அந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் மாற்றாதீர்கள். ஏற்றும் வேலை எல்லாம் முடிந்ததும் பேட்டரி வரியைப் பழையபடி வைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பைக்குள் விழித்திருந்து வெந்துபோகும்.

‘எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே’ என்பீர்கள். பழைய வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இழுத்திருப்பார்கள்; வளவிலோ இரண்டாம் கட்டிலோ இருக்கும் மூன்று ஊசி பிளக் பாயின்ட் அதில் சேர்ந்திருக்காது. மெயினை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, அந்தப் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். சேர்ந்திருந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை. லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் மாறும் நொடி ஒரு பொருட்டல்ல, உள்ளே பேட்டரி இருக்கிறது. டெஸ்க்டாப் என்றால் இன்வெர்ட்டரில் இருக்கும் ‘யுபிஎஸ்’ பொத்தானைப் போட வேண்டும். நார்மல் நிலையில் அது மாற எடுக்கும் நேரத்துக்குள் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் லோ வோல்டேஜ் தெருக்களில் யுபிஎஸ் நிலையில் வைத்தால் இன்வெர்ட்டர் எடுத்ததற்கெல்லாம் பேட்டரிக்குத் தாவும், விடிவதற்குள் அதுவும் காலியாகும். அங்கே கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வைப்பதே மேல்.

லேப்டாப் விழித்திருந்து என்ன பயன், ரவுட்டர் அணைந்துவிட்டால்? கரண்ட் போனதும் முதலில் சாவது அதுதான். ரவுட்டருக்கென்றே கையகல மினி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது அதற்கு மேல். ஃபைபர் பெட்டி தனி, வைஃபை ரவுட்டர் தனி என்று இரண்டு இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் வைஃபை சின்னம் முழுசாகத் தெரியும், நெட் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் பலமாக இருக்கும் இரவில் இந்தச் சாமர்த்தியம் எதுவும் வேண்டாம். லேப்டாப், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டுப் படுங்கள். நூறு வருடம் பெட்டகத்தில் இருந்த பேரேடு நாளைக்கும் ஏறும்.

அடுத்து மூடி. ஸ்லீப் டைமரை என்ன செய்தாலும், மூடியை மூடினால் தூங்கு என்பது தனிக் கட்டளை. கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ போய் இடப்பக்கம் ‘சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்’ என்பதைத் திறந்து, ‘பிளக்டு இன்’ பத்தியில் ‘டூ நத்திங்’ வைத்து சேவ் செய்தால் மூடினாலும் ஓடும். ஆனால் என் பேச்சைக் கேட்டால் மூடவே மூடாதீர்கள். பல லேப்டாப்களில் சூடான காற்று கீல் பக்கமாகத்தான் வெளியே வருகிறது. மூடினால் அந்த வழி குறுகி, இரவெல்லாம் திரையைச் சுட்டுக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தொந்தரவு வெளிச்சம்தானே? ஸ்லீப்பை நெவர் வைத்துவிட்டு, திரை அணையும் நேரத்தை மட்டும் 1 நிமிடம் ஆக்குங்கள். திரை அணைவது வேறு, இயந்திரம் தூங்குவது வேறு. மெத்தை, ஜமக்காளத்தின் மேல் வைக்காமல், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலோ மரப்பலகையிலோ வையுங்கள். அடிப்பக்கக் காற்றோட்டம் அடைபடாது.

மூடி விஷயத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மூடி மூடியிருக்கிறதா என்பதைப் பெரும்பாலான லேப்டாப்கள் காந்தத்தால் அறிகின்றன: திரைச் சட்டத்தில் சின்னக் காந்தம், கீபோர்டு பக்கம் அதை உணரும் சென்சார். காந்தப் பூட்டு வைத்த போன் கவரை கீபோர்டு ஓரத்தில் வைத்தாலோ, இன்னொரு லேப்டாப்பின் மேல் இதை அடுக்கினாலோ, மூடியை மூடிவிட்டார்கள் என்று நினைத்துச் சட்டென்று தூங்கிவிடும். திரை திறந்தே இருந்தும் லாகில் ‘லிட்’ என்று காரணம் வந்தால், பக்கத்தில் என்ன வைத்தீர்கள் என்று பாருங்கள்.

மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள லேப்டாப்புக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்களுடையது அந்த ரகமா என்று அறிய ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து பவர்சிஎஃப்ஜி (பவர் என்ற சொல்லும் சி, எஃப், ஜி எழுத்துகளும் ஒட்டி வர வேண்டும்) என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (/), ஏ எழுத்து போட்டு என்டர் தட்டுங்கள். இருக்கும் தூக்க வகைகளில் ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று வந்தால் அந்த ரகம், ‘எஸ்3’ என்று வந்தால் பழைய ரகம். எஸ்0 ரகத்தில், ‘நான் வேலை செய்கிறேன், தூங்காதே’ என்று ஒரு புரோகிராம் கேட்டுக்கொண்டாலும், பேட்டரியில் ஓடும்போது அந்தக் கோரிக்கைக்கு ஆயுள் குறைவு: ஸ்லீப் நேரம் கடந்து 5 நிமிடத்தில் விண்டோஸ் அதைத் தள்ளிவிடும். சார்ஜரில் ஒழுங்காக ஓடியது கரண்ட் போனதும் மட்டும் தூங்குவதற்கு இதுவும் காரணம். ஆகவே புரோகிராமை நம்பாமல், பேட்டரி வரியையே நெவர் ஆக்கச் சொன்னேன். திரை அணைந்ததோடு வேலையும் நிற்கிறது என்று கண்டால், திரையையும் நெவர் வைத்து வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து, சுவர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

அதே கட்டளையில் ஏ எழுத்துக்குப் பதில் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்று போட்டால் இப்போது யார் யார் இயந்திரத்தை விழித்திருக்கச் சொல்கிறார்கள் என்று பட்டியல் வரும். இதற்கு ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ வேண்டும். பேரேடு ஏறிக்கொண்டிருக்கும்போதே ‘சிஸ்டம்’ தலைப்பின் கீழ் ‘நன்’ என்று இருந்தால், ஏற்றும் புரோகிராம் விழித்திருக்கச் சொல்லவே இல்லை என்று பொருள். அப்படியானால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘அவேக்’ என்ற சிறு கருவி இருக்கிறது. அதை ஆன் செய்து, காலவரையின்றி என்றோ இத்தனை மணி நேரம் என்றோ தேர்ந்தெடுக்கலாம். ‘கீப் ஸ்கிரீன் ஆன்’ என்பதை அணைத்தே வையுங்கள். செட்டிங்ஸை நிரந்தரமாக மாற்றப் பிடிக்காதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் மூடியை மூடினால் அதுவும் காப்பாற்றாது.

1074 வரி வந்திருந்தால் அப்டேட்டைக் கட்டுங்கள். ‘விண்டோஸ் அப்டேட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’. அதிகபட்சம் 18 மணி நேரம்தான் தரும். பெரும்பாலோர் பகலை அடைத்து இரவைத் திறந்து விடுகிறார்கள். நீங்கள் தலைகீழாக, மாலை 6 முதல் மறுநாள் பகல் 12 வரை என்று வையுங்கள். அல்லது ஏற்றும் வாரத்துக்கு அப்டேட்டையே ‘பாஸ்’ செய்யுங்கள்.

இன்னொரு கேஸ்: லேப்டாப்பை இரவு 11 மணிக்கு ‘டாஸ்க் ஷெட்யூலர்’ எழுப்பி வேலையைத் தொடங்கும்படி சிலர் வைப்பார்கள். எழும், சரியாக இரண்டு நிமிடத்தில் மறுபடி படுத்துவிடும். மனிதர் தொடாமல் எழுந்த இயந்திரத்துக்கென்று ‘சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட்’ என்று ஒரு தனி நேரம் உண்டு, வழக்கமாக 2 நிமிடம், செட்டிங்ஸில் மறைந்தே இருக்கும். அந்தப் பெயரில் தேடினால் அதை வெளியே காட்டும் ஒற்றை வரிக் கட்டளை கிடைக்கும். அதிலுள்ள நீளமான குறியீடு 7பிசி4ஏ2எஃப்9 என்று தொடங்குகிறதா என்று சரிபார்த்துவிட்டு ஓட்டுங்கள். நீங்கள் கையால் தொடங்கிவிட்டுப் படுப்பதால் இது உங்களுக்குத் தேவைப்படாது.

லாகில் தூங்கிய வரியே இல்லை, ஆனாலும் ஏறவில்லை என்றால் குற்றவாளி வேறு. ஸ்கேன் படங்கள் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், ‘அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’ உள்ளே ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ ‘டிசேபிள்டு’ ஆகட்டும். ‘டிவைஸ் மேனேஜரில்’ வைஃபை அடாப்டரின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள் (எஸ்0 ரகத்தில் அந்தப் பக்கமே இல்லாமலும் இருக்கலாம்). பிரவுசர் வழியாக ஏற்றாதீர்கள். நெட் ஒரு நொடி அறுந்தால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தேடுவது தலைவலி. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றின் கம்ப்யூட்டர் செயலியைப் போட்டால் இணைப்பு வந்ததும் தானே மிச்சத்தைத் தொடரும். ஒன்டிரைவ் மட்டும் ஒரு குணம் காட்டும்: பேட்டரி சேவர் வந்தாலோ, மொபைல் ஹாட்ஸ்பாட் போல ‘மீட்டர்டு’ இணைப்பாக இருந்தாலோ தானே நிறுத்திக்கொள்ளும்.

தூங்கவே இல்லாமல், ஒரு ராத்திரிக்குள் முடியாத அளவை ஏற்றிக்கொண்டிருக்கவும் கூடும். ஏ4 பக்கம் 300 டிபிஐ, கலர், சுருக்காத டிஃப் என்றால் பக்கத்துக்குச் சுமார் 26 எம்பி. 400 பக்கப் பேரேடு 10 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு அதிகபட்சம் 4.5 ஜிபி; இரவு 9 மணி நேரத்தில் 40 ஜிபி, அதாவது நாலு பேரேடுகூட முழுசாக ஏறாது. 600 டிபிஐ வைத்தால் பக்கம் நாலு மடங்கு பெருக்கும், ஒரு ராத்திரிக்கு ஒரு பேரேடுகூட முழுசாக ஏறாது. இறக்கும் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில திட்டங்களில் ஏற்றும் வேகம் அதைவிட மிகக் குறைவு. பழைய நூல்களைத் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையாவின் ஊர்க்காரர்களுக்குக் காகிதத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சுருக்காத மூலப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் பங்காளிகள் பார்ப்பதற்கு ஜேபெக் மட்டும் கிளவுடில் ஏற்றினால் வேலை பல மடங்கு குறையும்.

மேக் வைத்திருப்பவர்கள் ‘டெர்மினல்’ திறந்து ‘கஃபீனேட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரை இயந்திரம் தானாகத் தூங்காது. மூடியை மூடினால் தூங்கும். உபுண்டுவில் ‘பவர்’ பகுதியில் ‘ஆட்டோமேடிக் சஸ்பெண்ட்’ அணைத்தால் போதும், மூடிக்கு ‘லாகின்டி’ கோப்பில் ‘ஹேண்டில் லிட் ஸ்விட்ச்’ வரியை ‘இக்னோர்’ ஆக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் பயாஸுக்குள் கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் வசதி இருக்கும், ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பது போன்ற பெயரில். அதை ‘பவர் ஆன்’ ஆக்குங்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் இவை பல பூட்டியிருக்கும். அங்கே ஐடி ஆட்களைக் கேளுங்கள், குறுக்கு வழி வேண்டாம்.

வீட்டில் நாலு பேர் நடமாடும் இடத்தில் விழித்த லேப்டாப்பைத் திறந்தபடி விடப் பயமாக இருந்தால், விண்டோஸ் விசையும் எல் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். பூட்டு விழும், பின்னால் ஏறுவது ஏறிக்கொண்டே இருக்கும்.

இரவு வரை காத்திருக்காமல் பகலிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். பேட்டரி முழுக்க ஏறியதும் ஏற்றுவதைத் தொடங்கி, லேப்டாப், ரவுட்டர் இரண்டின் சுவர்ப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். பிறகு பிளக்குகளைச் செருகி, இன்னொரு அரை மணி கழித்து ஈவென்ட் வியூவரில் அதே எண்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டு 105 வரிகள் மட்டும் இருந்து, நடுவில் 42-ம் 506-ம் இல்லை, ஏறிய கணக்கும் கூடியிருக்கிறது என்றால் அன்றைக்கே பெரிய பேரேடுகளைத் தொடங்கலாம்.